எதிர்ப்புச் ‘சக்தி’ என்னும் பிழை

தென்மேற்குப் பருவமழை பெங்களூரில் காலூன்றும் வாரத்திலேயே அந்நகரின் மருந்துக்கடைகளில் ஒரு சொல்லும் காலூன்றிவிடுகிறது. மாத்திரைப் புட்டி, சத்துமாவு, மூலிகைச் சாறு, குழந்தைகளுக்கான பானம் என எதை எடுத்தாலும் அது ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று அட்டை சொல்கிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய் விதிகளின்கீழ்க் கொண்டுவந்து, கொசு பெருகும்படி நீரைத் தேங்கவிடுவோருக்கு அபராதமும் அறிவித்தது. தேங்கிய நீருக்கு அபராதம் உண்டு. தேங்கிய கருத்துக்கு இல்லை. டெங்குவைப் பொறுத்தவரை ‘சக்தியைக் கூட்டுதல்’ என்பது வணிக மிகையுரை என்று சிரித்துக் கடந்துவிடக் கூடியதன்று. அந்நோயைப் பற்றி அறுபது ஆண்டு ஆய்வு கண்டறிந்ததற்கு அது நேர்முரணானது. விளம்பரக்காரர் அதைச் சொல்வதில் வியப்பில்லை. அதை மறுத்துரைக்க வேண்டிய கல்விப்புலமே அதே பிழையைக் கலைச்சொற்களால் போர்த்திக் கற்பித்து வருகிறது என்பதே இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு.

தமிழில் ‘சக்தி’ என்றதும் அளவு நினைவுக்கு வருகிறது. அது கூடும், குறையும், சேரும், தீரும். உடலுக்குள் ஒரு கலம் இருப்பதாகவும், அதை நிரப்பி வைத்தால் நோய் அண்டாது என்பதாகவும் ஓர் எண்ணம் தானே பிறந்துவிடுகிறது. ‘இம்யூனிட்டி’யின் இலத்தீன் வேருக்கு வரியிலிருந்தும் பொதுக்கடமையிலிருந்தும் பெற்ற விலக்கு என்றே பொருள், அதில் ஆற்றல் ஏதுமில்லை. பாடநூல்கள் கையாளும் ‘தடைக்காப்பு’ என்ற சொல்லிலும் இல்லை. ஆயினும் பாடநூலின் சொல் தேர்வறையோடு நின்றுவிடுகிறது. கடைத்தெருவை ஆள்வது ‘சக்தி’யே. அதனோடு ஒட்டிக்கொண்டு வருவது படை உருவகம். வெள்ளணுக்கள் சிப்பாய்களாம், எதிர்ப்பொருள்கள் அம்புகளாம், காய்ச்சல் போராம். படை பெரிதானால் வெற்றி உறுதி என்பது அவ்வுருவகத்தின் உட்கிடை. வகுப்பறையும் கடைத்தெருவும் கைகுலுக்கும் இடம் இதுதான்.

ஒரு டெங்குத் தொற்றைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால் இவ்வுருவகம் எங்கே உடைகிறது என்பது விளங்கும். பகலில் கடிக்கும் ஏடிஸ் எஜிப்டி கொசு தோலுக்குள் வைரஸை விட்டதும், அதை முதலில் எதிர்கொள்பவற்றுள் தோலில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்களும் உண்டு. வைரஸ் அவற்றையே தொற்றுகிறது. தனக்குள் அயல் ஆர்.என்.ஏ. இருப்பதை உணர்ந்த செல் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை வெளியிடுகிறது. 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இப்புரதம் எந்த வைரஸையும் நேரடியாகக் கொல்வதில்லை. அது ஒரு செய்தி மட்டுமே. அச்செய்தியைப் பெற்ற அண்டைச் செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்வதற்கு இடந்தராத நிலைக்கு மாறுகின்றன. இதற்கு டெங்கு வைரஸ் தரும் பதில் கவனிக்கத்தக்கது. இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்-2 என்னும் புரதத்தை, வைரஸின் என்.எஸ்.5 புரதம் சிதைத்துவிடுகிறது. உடலின் தற்காப்பில் எதை அறுத்தால் பிற யாவும் தளரும் என்பது வைரஸின் பரிணாமத்திற்குத் தெரிந்திருக்கிறது. பாடத்திட்டக் குழுக்களுக்குத் தெரியவில்லை.

செய்தி அடுத்த கட்டத்திற்குச் செல்லும் முறை இன்னும் நுட்பமானது. டென்ட்ரைட்டிக் செல் தான் கண்ட வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டு, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் பயணப்படுகிறது. அங்கிருந்து கசியும் கீமோகைன்களின் செறிவே அதற்கு வழிகாட்டி. ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளங் காணவல்ல டி செல் இலட்சத்தில் ஒன்றாகவோ பத்து இலட்சத்தில் ஒன்றாகவோ இருக்கலாம். இரண்டும் சந்திப்பதற்கென்றே அமைந்த இடம்தான் நிணநீர் முடிச்சு. சந்தித்தால் மட்டும் போதாது. டி செல் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுகிறது. ‘எது வந்திருக்கிறது?’ என்பதற்கு, செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டப்படும் துண்டு விடை தருகிறது. ‘அது உண்மையிலேயே ஆபத்தானதா?’ என்பதற்குச் சி.டி.28 வழியாக வரும் துணைச்சைகை விடை தருகிறது. ‘எவ்வகைப் பதில் வேண்டும்?’ என்பதற்குச் சூழலில் உள்ள சைட்டோகைன்கள் விடை தருகின்றன. முதல் விடை மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் டி செல் பெரும்பாலும் செயலற்று அடங்கிவிடும். ஐயம் தீராத செய்தியின்பேரில் செயற்படாதிருத்தலும் தடைக்காப்பின் திறமே. இவ்வளவு நடந்தும் ஆணையிடும் தளபதி எவரும் இல்லை. வெள்ளணுக்கள் சுரக்கும் சைகைப் புரதங்கள் சிலவற்றுக்கு 1979இல் ‘இன்டர்லூகின்’ என்று பெயர் சூட்டப்பட்டபோது, வெள்ளணுக்களுக்கு இடையிலானது என்ற பொருளே அப்பெயரில் பொதிந்திருந்தது.

பேச்சைத் தொடங்குவதற்கு எத்தனை ஏற்பாடுகளோ, நிறுத்துவதற்கும் அத்தனை உண்டு. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு வழங்கப்பட்டது. தடைக்காப்பு தன் உடலையே தாக்காமல் அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும், அவற்றை ஆளும் ஃபாக்ஸ்-பி3 மரபணுவையும் பற்றிய கண்டுபிடிப்புகளே அதற்குக் காரணம். அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குத் தடைக்காப்பில் ‘சக்தி’ குறைவதில்லை, கட்டின்றிப் பெருகுகிறது. சிகிச்சை கிடைக்காவிடில் குடல், தோல், நாளமில்லாச் சுரப்பிகள் என ஒவ்வொன்றாகத் தாக்குண்டு பெரும்பாலோர் இளவயதிலேயே இறக்கின்றனர். கட்டுப்பாடற்ற தடைக்காப்பு எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்பும் விளம்பர எழுத்தாளர் அக்குழந்தைகளின் நோய்க்குறிப்பைப் படிக்கலாம். இந்த ஒழுங்குபடுத்தும் செல்கள் தாக்குப்பிடிப்பதில் நாட்ச் என்னும் ஏற்பிப் புரதத்தின் பங்கைப் பெங்களூரிலேயே அபூர்வா சரினின் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஆய்வகத்திலிருந்து அடுத்த தெருவின் மருந்துக்கடை வரைகூட அந்த அறிவு சென்று சேரவில்லை.

இனி டெங்குவே தரும் மறுப்புக்கு வரலாம். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் தொற்றுண்டு மீண்டவருக்கு அவ்வகைக்கு எதிராக நெடுநாள் காப்பு கிடைக்கிறது. ‘சக்தி’க் கணக்குப்படி, முன்பின் டெங்குவே கண்டிராதவரைவிட அவர் மற்ற மூன்று வகைகளுக்கு எதிராகவும் வலிமை பெற்றிருக்க வேண்டும். கியூபா நேர்மாறாகச் சொன்னது. அங்கே 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 3,44,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர். தீவிர நோய் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் முன்னரே ஒருமுறை தொற்றுண்டவர்கள். 1997இல் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் வந்தபோது, தீவிர நோய் கண்டவர்கள் ஏறத்தாழ அனைவரும் பெரியவர்கள், அதாவது இருபதாண்டுக்கு முந்தைய தொற்றின் நினைவை உடலில் சுமந்தவர்கள். அந்நினைவு இல்லாத சிறுவர்கள் தப்பினர்.

பாங்காக்கில் பணிபுரிந்த காலந்தொட்டு ஸ்காட் ஹால்ஸ்டெட் முன்வைத்த விளக்கம் இதுதான்: முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள் இரண்டாம் வகை வைரஸோடு ஒட்டுகின்றன, ஆனால் அதைச் செயலிழக்கச் செய்வதில்லை. எதிர்ப்பொருளின் வாற்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஒற்றைச் செல்களிலும் விழுங்கு செல்களிலும் உள்ளன. ‘பிடித்துவிட்டேன், விழுங்கு’ என்பது அந்தக் கைகோப்பின் பொருள். செல் விழுங்குகிறது. உள்ளே செல்வதோ உயிரோடிருக்கும் வைரஸ். காவலரின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திருடன் வீட்டுக்குள் நுழைவதைப் போன்றது இது. செய்தி தவறானது, செய்தி சென்ற வேகமோ பழுதற்றது. நிகரகுவாவின் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் சயின்ஸ் இதழில் வெளியான நெடுங்கால ஆய்வு இதை மனிதரிடத்தே உறுதிசெய்தது. எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்த குழந்தைகள் காப்புற்றனர். நடுத்தர அளவில் இருந்தவர்களுக்கே தீவிர நோயின் வாய்ப்பு கூடியது, எதிர்ப்பொருளே இல்லாதவர்களைக் காட்டிலும். ஏற ஏற நன்மை தரும் ஏணி எதுவும் அங்கே இல்லை. இரண்டாம் தொற்றுகளிலும் பெரும்பாலானவை ஆபத்தின்றியே கடந்துபோகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், ஆபத்து நேரும்போது அது எதிர்ப்பின் இன்மையால் மட்டுமே நேர்வதில்லை என்பதே இங்கு பொருட்டு.

இதைப் புறக்கணித்ததன் விலை பிலிப்பைன்ஸில் தெரிந்தது. 2016இல் தொடங்கிய திட்டத்தில் அங்கு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போடப்பட்டது. முன்னர் டெங்கு காணாத குழந்தைகளுக்கு அத்தடுப்பூசி முதல் தொற்றைப் போலவே செயற்பட்டு, பிற்பாடு வரும் உண்மைத் தொற்றைத் தீவிரமாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் உற்பத்தி நிறுவனமே அறிவித்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. அதனால் எழுந்த அச்சம் பிற தடுப்பூசிகளின்மீதும் படர்ந்தது. எதிர்ப்பொருள் உருவாகிறதா என்ற கேள்வி கேட்கப்பட்டிருந்தது. அந்த எதிர்ப்பொருள் எந்தச் செல்லிடம் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு உரிய இடம் தரப்படவில்லை.

செல்களின் பேச்சை வெளியிலிருந்து உரக்க ஒலிக்கச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2006 மார்ச்சில் இலண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆறு நலமான இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்னும் சோதனை மருந்து செலுத்தப்பட்டது. மேலே சொன்ன இரண்டாம் கேள்விக்கான விடையை, முதல் கேள்வி எழாமலேயே, டி செல்களின் சி.டி.28 ஏற்பிக்கு நேரடியாக ஊட்டும் எதிர்ப்பொருள் அது. விலங்குகளுக்குப் பாதுகாப்பானதெனக் கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் அறுவரும் துவண்டனர். சைட்டோகைன்கள் வெள்ளமெனப் பெருகி, உறுப்புகள் பல ஒருங்கே செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் அறுவரும் உயிர் பிழைத்தனர். ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுதல்’ என்பதை ஒரு மருந்து சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிய நிகழ்வு ஒன்று உண்டென்றால் அது இதுவே. புட்டிகளில் அடைத்து விற்கப்படுபவை தீங்கு செய்யாதிருப்பதற்குக் காரணம் அவை சொன்னதைச் செய்யாமையே.

இவை யாவும் ஆய்வறையின் சண்டை என்று தோன்றலாம். டெங்கு நோயாளியின் படுக்கையருகே சென்றால் அப்படித் தோன்றாது. டெங்குவில் ஆபத்தான காலம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதன்று. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையில் வருகிறது. இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும் அந்நேரத்தில், சைட்டோகைன்களும் வைரஸின் என்.எஸ்.1 புரதமும் சேர்ந்து நுண்குழாய்ச் சுவர்களை நெகிழச் செய்ய, குருதிநீர்மம் கசிந்து இரத்த அழுத்தம் சரிகிறது. போர் உருவகத்தில் வளர்ந்த குடும்பம் காய்ச்சல் விட்டதை வெற்றி என்று எண்ணுகிறது. வயிற்றுவலியையும் தொடர் வாந்தியையும் களைப்பென்று ஒதுக்குகிறது. நீர்ச்சத்தை அளந்து ஈடுசெய்வதே உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் கவனம் முழுவதும் தட்டணு எண்ணிக்கையில் குவிகிறது. எண் சரிந்தால் தட்டணு ஏற்றும்படி உறவினர் மன்றாடுகின்றனர். இரத்தக் கசிவற்ற நோயாளிகளுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவது இரத்தக் கசிவைத் தடுப்பதில்லை, பக்கவிளைவுகளையே கூட்டுகிறது என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் லான்செட் இதழில் வெளியான சோதனை காட்டியது. பப்பாளி இலைச்சாறு அந்த எண்ணை உயர்த்துவதாகச் சிறு ஆய்வுகள் சில உண்டு. தீவிர டெங்குவையோ மரணத்தையோ அது தடுப்பதாக உறுதியான சான்று இல்லை. ஓர் எண்ணை நோயென்றும் அவ்வெண் ஏறுவதை நலமென்றும் கருதும் மனப்பாங்கு எங்கே பயிற்றுவிக்கப்பட்டதோ, அங்கேதான் கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

காலமும் இடமும் எவ்வளவு தீர்மானமானவை என்பதற்குக் கோவிட் காலம் ஒரு பாடம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி சோதனை, டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், உயிர்வளி மட்டும் தேவைப்பட்டோரின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததைக் காட்டியது. தடைக்காப்பை அடக்கும் மருந்து ஒரு தொற்றுநோயில் உயிர்காத்தது. உயிர்வளி தேவைப்படாதோருக்கு அம்மருந்தால் பயன் விளையவில்லை. அடுத்த ஆண்டின் இரண்டாம் அலையில் அந்த நுட்பத்தைப் பொருட்படுத்தாமல் வீடுகளிலேயே ஸ்டீராய்டு விழுங்கப்பட்டதும், கட்டுக்கடங்காச் சர்க்கரையோடு சேர்ந்து அது கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவகுத்ததும் பெங்களூர் மருத்துவமனைகள் நன்கறிந்த துயரம். டெங்குவிலோ ஸ்டீராய்டு பயன்தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. கூட்டலும் குறைத்தலும் மருத்துவமன்று. எந்தச் செல், எவ்விடத்தில், எந்நாளில் என்ன பேசுகிறது என்பதை அறிவதே மருத்துவம்.

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும். ‘ஊட்டக்குறைவாலும் எய்ட்ஸாலும் எதிர்ப்பு குன்றுவது உண்மைதானே?’ என்பது முதலாவது. உண்மையே. புரதமும் துத்தநாகமும் உயிர்ச்சத்து ஏ-யும் குறைந்த குழந்தைக்கு அவற்றைத் தருவது கடமை. ஆனால் குறையை நிறைப்பது வேறு; நிறைந்ததன்மேல் ஊற்றுவது வேறு. எய்ட்ஸோ இவ்வாதத்துக்கே அரண் செய்கிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அவ்வைரஸ் முதன்மையாக அழிப்பது உதவி டி செல்களை, அதாவது பிற செல்களோடு பேசி அவற்றை ஒருங்கிணைப்பவற்றை. பி செல்களும் கொல்லும் செல்களும் விழுங்கு செல்களும் எஞ்சியிருந்தும் உடல் சாதாரணப் பூஞ்சைக்கு வீழ்கிறது. படை இருக்கிறது, பேச்சு இல்லை.

‘தடுப்பூசியும் அதன் பூஸ்டர் ஊசியும் கூட்டுதல் இல்லையா?’ என்பது இரண்டாவது. தடுப்பூசி பொதுவான ஆற்றலை ஏற்றுவதன்று. ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை உரிய எச்சரிக்கையோடு அறிமுகப்படுத்துவது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதே அதன் கலை. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உருவாகி எலிகளில் சோதிக்கப்பட்ட டெங்கு டி.என்.ஏ. தடுப்பூசி இதற்குச் சான்று. வைரஸின் உறைப்புரதம் முழுவதையும் காட்டாமல், நான்கு வகைகளின் மூன்றாம் களப்பகுதியையும் என்.எஸ்.1 புரதத்தையும் மட்டும் காட்டும்படி அது வடிவமைக்கப்பட்டது. தவறான பேச்சைத் தூண்டும் பகுதிகளை விலக்குவதே நோக்கம். கொழும்பின் இரத்தக் கொடையாளர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, பல சைகைகளை ஒருங்கே வெளியிடவல்ல டி செல்களே டெங்குவிலிருந்து காப்பதோடு தொடர்புடையவை என்று கண்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

‘மரபு மருத்துவம் எதிர்ப்புச் சக்தியைத்தானே வளர்க்கச் சொல்கிறது?’ என்பது மூன்றாவது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையையே நலம் என்று கொண்ட மரபின் பெயரால் ‘கூட்டு, இன்னும் கூட்டு’ என்று கூவுவது அம்மரபுக்குச் செய்யும் அவமதிப்பு. மரபின் விளக்கத்தை இன்றைய உயிரியலோடு சமன்படுத்த வேண்டியதில்லை; மிகையும் நோயே என்ற அளவில் அதன் உள்ளுணர்வு புட்டிக்காரரின் பக்கம் நிற்கவில்லை.

எனவே பொறுப்பு கல்விப்புலத்தின்மீது வந்து விழுகிறது. தடைக்காப்பியல் தாள்கள் இன்றும் பெயர்ப்பட்டியல்களையே கேட்கின்றன. இன்டர்லூகின்களை எண்வரிசையில் எழுதச் சொல்லி, எதிர்ப்பொருளின் ஐந்து வகைகளைப் படத்தோடு விளக்கச் சொல்லி மதிப்பெண் தருகின்றன. ஒரே எதிர்ப்பொருள் ஒருநாள் காப்பதும் மறுநாள் கெடுப்பதும் ஏன் என்று கேட்கும் வினாத்தாள் அரிது. இன்டர்ஃபெரான் காமாவை ‘விழுங்கு செல்களைத் தூண்டுவது’ என்று ஒரு வரியில் எழுதிய மாணவர் முழு மதிப்பெண்ணோடு வெளியேறுகிறார். அவரே பின்னர் ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவியல் ஆலோசகராகி அதே வரியை அட்டையில் அச்சிட ஒப்புகிறார். இந்திய அறிவியல் கழகத்தில் ராகுல் ராயின் குழு, இந்தியாவில் 1956 முதல் 2018 வரை கிடைத்த 408 டெங்கு மரபணு வரிசைகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரை, மக்களின் தடைக்காப்புக்கும் வைரஸின் பரிணாமத்துக்கும் இடையே நடக்கும் உரையாடலைத் தென்னிந்தியாவில் நான்காம் வகை வேரூன்றுவது வரை தொடர்கிறது. இத்தகைய கட்டுரையை வகுப்பறையில் வைத்துப் படித்தால் ஒரு பருவத்தின் பாடம் முழுவதும் அதில் அடங்கும். பட்டியலுக்கு அப்போது தேவையே இராது.

வேண்டுவன மூன்று. பாடத்திட்டம் ஒரு தொற்றைத் தொடக்கம் முதல் ஓய்வு வரை பின்தொடரட்டும். அடங்குதலும் நினைவும் பின்னிணைப்பாக இல்லாமல் நடுநாயகமாக அமையட்டும். தமிழிலும் கன்னடத்திலும் எழுதும் ஆய்வாளர்கள் ‘சக்தி’யைக் கைவிட்டுத் ‘தடைக்காப்பு’ என்றே எழுதட்டும். சொல் மாறாமல் சிந்தனை மாறாது. மழைக்காலந்தோறும் ஆய்வு நிறுவனங்கள் தம் சுற்றுச்சுவருக்கு வெளியே வந்து, காய்ச்சல் தணியும் நாளே விழித்திருக்க வேண்டிய நாள் என்ற ஒற்றைச் செய்தியையாவது அந்நகரின் மொழிகளில் வீடுதோறும் சேர்க்கட்டும். நிணநீர் முடிச்சில் பத்து இலட்சத்தில் ஒரு செல்லைத் தேடிச் சென்று செய்தியைச் சேர்ப்பிக்க உடலால் முடிகிறது. உடலை ஆராய்வோருக்கு அடுத்த தெருவரை அதைச் சேர்ப்பிக்க முடியாது என்பது ஏற்கத்தக்க சாக்கன்று.